காரணம் உண்டு, மாற்றக் கூடாது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்ணா. எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம். நீங்களும் கொடுமுடிதானுங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் எறங்கறேன். கோயிலுக்கெல்லாம் இல்லீங்க. ஒரு ஆளைப் பாக்கோணும், ஒரே ஒரு வார்த்தை கேக்கோணும். கேட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பீருவேன்.

மகுடேஸ்வரன்னு பேருங்க. சிரிக்காதீங்க, உங்கூர்ல சாமி பேரே அதுதான், தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்கன்னு எனக்கும் தெரியும். இவன் கோயமுத்தூர்ல என்ர கூடக் கம்ப்யூட்டர் வேலை பாத்தவன். இப்ப வேலை போயி ஊர்ல தோட்டத்துல கெடக்கறானாமா. எப்படிப் போச்சுன்னு கேளுங்க. என்னாலதானுங்க போச்சு. இதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கோணுமல்லங்க.

மடியில என்னங்க அது, பேரிங்குங்களா? மோட்டாருக்கா? சரி, அதையே வச்சுச் சொல்றேன். கடையில என்னன்னு கேட்டு வாங்குனீங்க? இந்த நம்பர்தான் வேணும், வேற குடுக்காதேன்னு கேட்டிருப்பீங்க. இல்லீன்னா, இந்த நம்பர் குடு, இதுக்கு மேல புதுசா வந்திருந்தா அதுவும் செரின்னு கேட்டிருப்பீங்க. எங்க சோலியிலயும் இதேதான். சாப்ட்வேருன்னா முழுசும் நாங்களே எழுதறதில்லீங்க. ஊரு ஒலகத்துல எவனெவனோ எழுதி வச்ச பேக்கேஜை எடுத்து மாட்டிக்குவோம். தேதி படிக்க ஒண்ணு, பேப்பர்ல அச்சடிக்க ஒண்ணு, அப்படி. எது வேணும், அதுல எந்த நம்பர் வேணும்னு ஒரு லிஸ்ட்டு இருக்கும். நம்பருக்கு முன்னால பெருசுக்குறியும் சமக்குறியும் போட்டா, இதுவோ இதுக்கு மேல வர்றதோ எதுன்னாலும் செரி. ரெண்டு சமக்குறி போட்டா இதேதான், தலைகீழா நின்னாலும் வேற கூடாது. அவ்வளவுதானுங்க. இதை வச்சு ஒரு மனுசனைக் கவுக்க முடியுமான்னு கேட்டா, முடியும். நான் கவுத்தனுங்க.

நூல் மில்லுங்களுக்கு ஷிப்ட் போடற சாப்ட்வேரு எங்களுது. எந்தப் புள்ள எந்த ஷிப்ட்டு, யாரு லீவு, யாருக்கு மாத்தி விடோணும், எல்லாம் அதுதான் சொல்லும். அந்த ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருந்துது. நான்தான் கொண்டாந்தேன். எவன் ரெண்டு சமக்குறி போட்டாலும், எதுக்குப் போட்டேன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதோணும், கீழ பேரைப் போடோணும். 'புதுசுல ஞாயித்துக்கெழமை ரெண்டு தடவை வருது, பூபதி.' 'புதுசுல தமிழ் எழுத்து ஒடையுது, பூபதி.' அப்படி. பூபதி நான்தானுங்க. அந்த லிஸ்ட்டை எடுத்துப் பாத்தீங்கன்னா பக்கத்துக்குப் பக்கம் என்ர பேருதான் இருக்கும். ஏழு வருசம் அதைப் புள்ளையாட்டம் பாத்துக்கிட்டேன்.

எங்கம்மாவுக்கு மூட்டு ஆபரேசனுங்க. பத்தே பத்து நாள் லீவுல போனேன். திரும்பி வந்தா மகுடேசன் லீடு, எங்க எல்லாத்துக்கும் மேல! என்னை விட மூணு வருசம் சின்னவன். ஓனரைக் கேட்டா, 'மில்காரங்க அவசரமா ஒரு பேரு கேட்டாங்க பூபதி, நீங்க ஊர்ல இல்ல'ங்கறாரு. ஏன், எனக்குப் போனு இல்லியா? போச்சாது, அதைக்கூடப் பொறுத்துக்குவேன். இவன் என்ன பண்ணுனான் தெரியுமுங்களா? மீட்டிங்குல பதினெட்டுப் பேருக்கு முன்னால எந்திரிச்சு நிக்கறான். 'பூபதிண்ணன் மாதிரி ஜாக்கிரதையான ஆளை நான் பாத்ததில்ல. அவரு ஒரு வரி போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் லீடா இருந்தாலும் அவரைக் கேக்காம அந்த லிஸ்ட்டுல கை வெக்க மாட்டேன்'ங்கறான். எல்லாரும் கை தட்டறாங்க.

எனக்கு மேலெல்லாம் பத்திக்கிட்டு வந்துதுங்க. லீடாகி மூணு நாள் ஆகல, எனக்குச் சர்டிபிகேட் குடுக்கறான்! ஜாக்கிரதையாமா, ஜாக்கிரதை. நக்கலுங்க. என்னது, பாராட்டுன மாதிரித்தானே இருக்குதுங்கறீங்களா? நீங்க அவன் மொகத்தைப் பாத்ததில்ல. சிரிப்பே இருக்காது. கண்ணுல தண்ணி நிக்கற மாதிரி வச்சுக்கிட்டுப் பேசுவான். அதுதான் இருக்கறதுலயே பெரிய நக்கலு. அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன், இவனை விடறதில்லீன்னு.

வேற எடத்துல வேலை தேடிக்கிட்டுப் பேப்பரை நீட்டிட்டேன். கடைசி நாளு மத்தியானம் மூணு மணி. எனக்குக் கேக் வாங்க அவனே போனான், பேரெல்லாம் எழுதி வாங்கியாரோணும்னு. ஆபீஸே அந்தப் பரபரப்புல இருக்குது. நான் லிஸ்ட்டைத் தொறந்தேன்.

நான் எதையும் ஒடைக்கலீங்க. அழிக்கல, திருடல. சட்டப்படி என்னை ஒருத்தன் ஒண்ணும் கேக்க முடியாது. ஒரே ஒரு வரி. தேதி படிக்கற பேக்கேஜு. அது வரைக்கும் 'இதுவோ மேலயோ'ன்னு இருந்துது. நான் ரெண்டு சமக்குறி போட்டேன். பக்கத்துல எழுதுனேன்: 'காரணம் உண்டு. மாற்றக் கூடாது. பூபதி.' இங்கிலீஷ்லதானுங்க எழுதுவோம், உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன். என்ன காரணம்ங்கறீங்களா? ஒரு மண்ணும் இல்லீங்ணா! அதுதானே விசயமே. அந்த லிஸ்ட்டுலயே காரணம் இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போட்டு என்னன்னு சொல்லாத ஒரே வரி அதுதான். எழுதி முடிச்சுக் கையக் கழுவீட்டு வந்து கேக் வெட்டுனேன். அவன் எனக்கு ஊட்டி விட்டான்.

ஒரு வரியில என்ன ஆயிரும்னு பாக்கறீங்க. அந்தத் தேதி பேக்கேஜை நம்பி இன்னும் எட்டு இருக்குதுங்க. அது எட்டும் புதுசாகோணும்னா மொதல்ல இது புதுசாகோணும். மூத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையலீன்னா கீழ இருக்கறதெல்லாம் காத்துக் கெடக்குமே, அந்த மாதிரி. இது ஒண்ணு பழசுலயே நின்னா எட்டும் நிக்கும். மொத வாரம் தெரியாது. ஆறு மாசத்துல தெரியும். ரெண்டு வருசத்துல கழுத்தைப் புடிக்கும்.

மொத வாரமே போன் பண்ணீட்டான். மூணு தடவை. நான் எடுக்கல. மேசை மேல வச்சு, அது சுத்தறதைப் பாத்துக்கிட்டே காப்பி குடிச்சேன். ஊட்டுல, 'ஏங்க, மகுடேசனல்ல கூப்பிடறாரு, எடுக்க மாட்டீங்கறீங்க?'ன்னு கேட்டா. 'உன்ர சோலியப் பாரு'ன்னுட்டேன். அப்பறம் மெசேஜ் வந்துது. 'அண்ணா, அந்த வரிக்கு மட்டும் காரணம் சொல்லுங்க. வேற எதுக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன்.' தொறந்து படிச்சேன். நீலக் குறி விழுகோணுமல்ல? நான் படிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரியோணும், பதில் மட்டும் வராது. ஆகா, அந்த ஒரு வாரம் நான் தூங்குன தூக்கம் இருக்குதே!

அந்த ஆபீஸ்ல திலகவதின்னு ஒரு புள்ளைங்க. நாங்க எழுதறதையெல்லாம் சோதிச்சுப் பாக்கற வேலை. எனக்குப் பக்கத்து சீட்டு. அது அப்பப்பப் போன் பண்ணி எல்லாம் சொல்லும். 'அண்ணா, புதுப் பசங்க அந்த வரியை மாத்திப் பாக்கலாம்ங்கறாங்க, மகுடேசண்ணன் விட மாட்டீங்கறாரு. பூபதிண்ணன் காரணமில்லாம எழுதுற ஆளில்ல, மில்லுல ஆயிரம் புள்ளைங்க ஷிப்ட் இதுல ஓடுது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்கறாரு'ன்னு சொல்லும். நான் ஊம் கொட்டிக் கேட்டுக்குவேன். அட முட்டாப்பயலே, மாத்தித்தான் பாரேன்னு எனக்கே சொல்லோணும் போல இருக்கும். சொல்லுவனா? நல்லா வேகட்டும்.

மாத்தறதுக்குப் பதிலா அவன் என்ன பண்ணுனான்னா, அந்த எட்டுலயும் வந்த ஓட்டை ஒடசலையெல்லாம் ஒண்ணொண்ணாக் கையிலயே அடைச்சானாமா. அஞ்சு மாசமுங்க. என்ர ஒரு வரியத் தொடாம இருக்கறதுக்கு அஞ்சு மாசம்! பைத்தியம். ரெண்டு வருசம் முடிஞ்சு ஒரு நாள், மில்லுல நூல் வாங்கற வெளிநாட்டுக்காரங்க ஆள் வச்சுச் சோதனை போட்டுட்டாங்க. உங்க சாப்ட்வேருல இத்தனை பழசு இருக்குது, ஒரு மாசத்துல சரி பண்ணுங்க, இல்லீன்னா வேற பாருங்கன்னுட்டாங்க. அப்பவும் இவன் அந்த வரியைத் தொட விடல, மில்லு கை நழுவிப் போச்சு. ஓனர் எல்லாரையும் உக்கார வச்சு, இந்த வரிக்கு யாரு பொறுப்புன்னு கேட்டிருக்காரு. இவன் எந்திரிச்சு, 'நான்தாங்க'ன்னிருக்கறான். பக்கத்துலயே என்ர பேரு இருக்குது, ஆனா சொல்லல. எதுக்குச் சொல்லல? பயமுங்க, வேறென்ன? அவன் போன் பண்ணி நான் எடுக்காத கதையெல்லாம் வெளிய வருமல்ல. அவனுக்குத்தானே அசிங்கம்.

அன்னிக்கே அனுப்பீட்டாங்க.

அடுத்த நாள் பசங்க அந்த வரியை மாத்தி ஓட்டிப் பாத்திருக்காங்க. ஒண்ணுமே ஆகல. வெண்ணெய்ல கத்தி எறங்குன மாதிரி ஓடுச்சாமா. திலகவதி போன்ல கேக்குது, 'அண்ணா, ஒண்ணுமே ஆகலியே. அப்ப என்னதாங்ணா காரணம்?' எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. விழுந்து விழுந்து சிரிச்சேன். அன்னிக்கு ஊட்டுக்கு அரைக் கிலோ மைசூர்பா வாங்கீட்டுப் போனனுங்க. அதுக்கப்பறம் அந்தப் புள்ள போன் பண்றதில்ல. வேலை ஜாஸ்தியாட்ட இருக்குது.

இதோட முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்த வெயில்ல பஸ்ஸேறி வர்றேன்? கேளுங்க. போன மாசம் எங்க கம்பெனிக்கு ஆள் எடுத்தோம். கேள்வி கேக்கற எடத்துல நானு, பக்கத்துல ஆபீஸ்ல ஆள் எடுக்கற மேடம் ஒருத்தங்க. கதவத் தொறந்துக்கிட்டு வர்றான், மகுடேசன். தாடி. சட்டை தொளதொளன்னு தொங்குது. என்னைப் பாத்ததும், 'அண்ணா!'ங்கறான். அப்படி ஒரு சந்தோசம் மொகத்துல. கெரகம், ஏன் போன் எடுக்கலீன்னுகூடக் கேக்கல.

கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டுபட்டுன்னு பதில் சொன்னான். வேலை தெரியும், அதுல குறை சொல்ல மாட்டேன். கடைசியில வழக்கமாக் கேக்கறது, 'உங்களுக்கு ஏதாச்சும் கேக்கோணுமா?' அவன் மேடத்தைப் பாக்கல, என்னையப் பாக்கறான். 'ஒண்ணே ஒண்ணுதாங்ணா. அந்த வரி. என்ன காரணம்?'

இதுக்காக நான் ரெண்டரை வருசம் காத்திருந்தேங்ணா. குளிக்கையில, வண்டி ஓட்டையில, எத்தனை தடவை சொல்லிப் பாத்திருப்பேன். 'ஒரு காரணமும் இல்லடா. உன்னையக் கவுக்கத்தான் போட்டேன்.' இவ்வளவுதான் சொல்லோணும். நாக்கு நுனியில நிக்குது. சொல்லீருப்பேன். மேடம் இருந்தாங்க, அதுதான். அவங்க மட்டும் இல்லீன்னா சொல்லியே இருப்பேன். சத்தியமா.

என்ன சொன்னேன்னா, 'பிப்ரவரி இருபத்தொம்பது ராத்திரி ஷிப்ட்டு மார்ச் ஒண்ணாந் தேதிக்குத் தாண்டும்போது, புதுசுல ஒரு நாள் காணாமப் போகுது மகுடேசு'ன்னேன். வாயில வந்ததை அடிச்சு விட்டேன். அவன் பாக்கெட்டுல இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். எழுதிக்கிட்டான். எழுதி முடிச்சு அப்படியே சாஞ்சு ஒரு மூச்சு விட்டானுங்க. 'நான் அப்பவே சொன்னேங்ணா, யாருமே கேக்கல'ன்னான். கண்ணுல தண்ணி. இந்தத் தடவை நக்கலான்னு எனக்குச் சரியாத் தெரியல.

நான் என்ன பண்ணுனேன் சொல்லுங்க பாக்கலாம். வேண்டாம்னு எழுதி அனுப்பீருப்பேன்னுதானே நெனைக்கறீங்க? அதுதான் இல்ல. எடுத்துக்குங்கன்னு எழுதுனேன்! எதுக்குத் தெரியுமுங்களா? வெளிய வுட்டா எங்கியோ போயி நல்லா இருந்துக்குவான். எனக்குக் கீழ இருந்தான்னா? ஒரு வரி மாத்தோணும்னாலும் என்னையக் கேக்கோணும். தெனமும் 'அண்ணா, இது எதுக்குங்ணா'ன்னு வந்து நிக்கோணும். அதை விட ஒரு தண்டனை உண்டுங்களா? அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. என்ர பக்கத்து சீட்டையே அவனுக்கு ஒழிச்சு வச்சேன். ஏசி காத்து நேரா அடிக்குமேன்னு பேப்பரை மடிச்சு ஒட்டுனேன், அவனுக்குச் சளி புடிக்கும். என்ன அப்படிப் பாக்கறீங்க? கண்ணு முன்னாலயே வச்சுக்கோணும்னுதானுங்க.

திங்கக்கெழமை வந்து சேரோணும். வெள்ளிக்கெழமை மேடம் சொல்றாங்க, 'சார், அவரு வரலீன்னுட்டாரு.' எனக்குப் புரியல. வேலை இல்லாம அஞ்சாறு மாசமாக் கெடக்கறவன், வர மாட்டேங்கறானா? 'என்ன காரணம்?'னு கேட்டேன். 'காரணம் ஒண்ணும் சொல்லல சார். பாரத்துல அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுட்டாரு'ங்கறாங்க.

பாருங்க அநியாயத்தை! காரணம் சொல்லோணுமா வேண்டாமாங்ணா? மனுசன்னா ஒரு மரியாதை வேண்டாமா? போன் பண்ணுனேன். அடிக்குது, எடுக்கல. மூணு தடவை. மெசேஜ் போட்டேன், 'மகுடேசு, ஏன் வரலீன்னு மட்டும் சொல்லு'ன்னு. படிச்சுட்டான்! நீலக் குறி இருக்குது, பாருங்க, உங்களுக்கே காட்டறேன், இதா. படிச்சுப்போட்டுச் சும்மா இருக்கறானுங்க. இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? பதினாலு நாளாச்சு. சோறு எறங்கல. ஊட்டுல எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுகறேன். என்ன நெஞ்சழுத்தம் இருந்தா ஒருத்தனை இப்படித் தவிக்க விடுவான்? நான் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன், வேலைதானே குடுத்தேன்?

சரி, அது வேற இது வேறைங்க. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க.

ஊஞ்சலூர் தாண்டிருச்சுங்களா? அப்ப அடுத்தது நம்முளுதுதான்.

போன ஞாயித்துக்கெழமை ஒண்ணு பண்ணுனனுங்க. இதை யார்கிட்டயும் சொல்லல. அந்தத் தேதி பேக்கேஜு இருக்குதல்ல, புது நம்பரை எடுத்து என்ர கம்ப்யூட்டர்ல போட்டு, பிப்ரவரி இருபத்தொம்பது ராத்திரி ஷிப்ட்டை ஓட்டிப் பாத்தேன். சாமி, நெசமாவே அப்படி ஒரு தப்பு இருந்துரோணும்னு வேண்டிக்கிட்டே ஓட்டுனேன். வாயில வந்த பொய்யி தற்செயலா உண்மையா இருந்துறக் கூடாதா? இல்லீங்க. சுத்தமா வந்துது. நாலு வருசத்து பிப்ரவரியும் போட்டுப் பாத்தேன். ஒரு நாள்கூடக் காணாமப் போகல. அரை மணி நேர வேலைதானுங்க அது. நோட்டுல எழுதீட்டுப் போனானே, அவன் போட்டுப் பாக்காம இருந்திருப்பானா? பூபதிண்ணன் சொன்னது எவ்வளவு சரின்னு பாக்கறதுக்காச்சும் போட்டுப் பாத்திருப்பான்.

ஆமாங்க, அதுதான் காரணம்னு எனக்குத் தெரியுது. தெரியாமயா வர்றேன்? அதைக் கேக்க வரலீங்க நானு. அதை மட்டும் அவன் வாயால சொல்லீறக் கூடாது.

வேற ஏதாச்சும் சொல்லட்டும். சம்பளம் பத்தலீன்னு சொல்லட்டும். தோட்டத்தைப் பாக்க ஆளில்லீன்னு சொல்லட்டும். கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி ஒத்துக்கலீன்னு சொன்னாக்கூடச் செரிதான். பொய்யா இருந்தாலும் பரவால்லீங்ணா. நானும் பொய்தான சொன்னேன், அவன் நம்புனானல்ல? அந்த மாதிரி ஒண்ணு அவன் சொல்லட்டும், நான் நம்பிக்கறேன்.